கொளுத்துவதற்கு ஒரு கேசட்

1987-இல் சங்கரன்கோவில் முழுக்க வீடு வீடாகத் தேடியிருந்தாலும் ஹெவி மெட்டல் இசையைக் கேட்டவர் ஒருவர்கூட அகப்பட்டிருக்கமாட்டார். ஆனால் அதை எதிர்க்க ஒருவர் அகப்பட்டுவிட்டார்.

அவர் ஞானாபரணம் சார்வாள். உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். ஊரின் மேற்கு ஓரத்தில் இருந்த சின்னச் சபைக்கு ஒன்பது வருஷமாகச் செயலாளர். இந்த ஒன்பது வருஷத்தில் சபைக்கு என்ன செய்தார் என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அதைக் குறைத்துப் பேசக்கூடாது, நன்றாகவே வாசிப்பார். கல்யாணத்துக்கு முன் சபையில் அறிவிக்கிற ஓலையை வாசித்தால், நம் பெயர் இவ்வளவு அழகா என்று மணப்பெண்ணுக்கே தோன்றும். அப்படி ஒரு குரல்.

குரலை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? அடுத்த மாதம் சபைத் தேர்தல். இந்தத் தடவை செயலாளர் பதவிக்குத் தவசிக்கனி நிற்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. தவசிக்கனி சிமெண்டுக் கடை வைத்திருந்தார். சபைக் கோவிலுக்கு ஆறு மின்விசிறி மாட்டிக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு விசிறியின் ஒவ்வோர் இறக்கையிலும் அவருடைய தகப்பனார் பெயர் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. விசிறி சுற்றினால் பெயர் தெரியாது என்பதால், ஜெப வேளையில் மட்டும் நிறுத்தச் சொல்லிவிடுவார். கண்ணை மூடாமல் ஜெபிக்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பெயரை மனப்பாடம் செய்துவிட்டார்கள். வெளிக்கூட்டங்களுக்கென்று ஆளுயரத்தில் ஒரு பெடஸ்டல் ஃபேனும் உண்டு, அதிலும் அதே தகப்பனார்தான்.

செயலாளர் என்றால் முதல் வரிசையில் கைவைத்த நாற்காலி, பெயர் அச்சடித்த கடிதத்தாள், பேராயர் வருகிற அன்று அவர் பக்கத்தில் சாப்பாடு. அது போய்விட்டால் ஞானாபரணத்துக்கு மிஞ்சுவது எட்டாம் வகுப்பு பி பிரிவு மட்டுமே.

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்த சித்தப்பா மகன் ஒரு புத்தகம் அனுப்பினான். அமெரிக்காவில் எழுதி இங்கே தமிழாக்கிய சின்னப் புத்தகம். ஹெவி மெட்டல் என்று ஓர் இசை வந்திருக்கிறது, அதைப் பாடுகிறவர்கள் தலைமுடியை நீளமாக வளர்த்துச் சங்கிலி மாட்டியிருப்பார்கள், அவர்கள் சாத்தானின் கையாட்கள், வாலிபர்களே ஜாக்கிரதை என்று அதில் போட்டிருந்தது. சார்வாள் ஒரே மூச்சில் படித்து முடித்தார். படிக்கப் படிக்கச் சந்தோஷம் தாங்கவில்லை. விசிறி மாட்டிச் சாத்தானை விரட்ட முடியுமா? முடியாது. அதற்குப் படித்தவன் வேண்டும், இங்கிலீஷ் தெரிந்தவன் வேண்டும்.

அடுத்த ஞாயிறு அறிவிப்பு வேளையில், அசன விருந்துக்கு அரிசி கொடுத்தவர்கள் பட்டியலுக்கும் காணாமல் போன குடைக்கும் நடுவில், சங்கரன்கோவிலுக்குள் ஹெவி மெட்டல் நுழைந்துவிட்டது என்று அவர் அறிவித்தார். சபை திடுக்கிட்டது. பெண்கள் பக்கத்தில் ஒருவர் அது எந்த பஸ்ஸில் வந்தது என்று கேட்டதாகச் சொல்கிறார்கள். வாலிபர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதுவரை அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

மாத முடிவில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் என்று முடிவாயிற்று. மூன்றாம் நாள் ஞாயிறு சாயங்காலம் சாத்தானின் கேசட்டுகளைச் சபையார் முன்னிலையில் தீயிட்டுக் கொளுத்துவது. நோட்டீஸ் அடித்தாயிற்று. திருநெல்வேலியிலிருந்து ஒரு பிரசங்கியாருக்கும் சொல்லியாயிற்று. சபைக் குருவானவரை அந்தப் பக்கத்தில் ஐயர் என்பார்கள். அந்த ஐயர் அடுத்த மே மாதம் மாற்றலாகிப் போகிறவர், எதற்கும் தலையாட்டுவார். இதற்கும் ஆட்டினார்.

கொளுத்த வேண்டியதைப் போடுவதற்குக் கோவில் வாசலில் ஒரு பெட்டி வைத்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சார்வாள் திறந்து பார்த்தார். நாடா சிக்கிய இரண்டு வில்லுப்பாட்டுக் கேசட், ஓடாத ஒரு சுவர்க்கடிகாரம், எலி கடித்த ஒரு குடை, இவைதான் ஊரில் அகப்பட்ட சாத்தானின் சொத்து. அடியில் இன்னும் மூன்று கேசட் கிடந்தன. எடுத்துப் பார்த்தால், போன கிறிஸ்மஸுக்கு அவர் தம் செலவில் பதிந்து வீடு வீடாகக் கொடுத்த 'ஞானாபரணம் அவர்களின் தேவசெய்தி'. அந்த மூன்றையும் யார் போட்டிருப்பார்கள் என்று அவர் வெகுநேரம் யோசித்துப் பார்த்தார். பிறகு பெட்டியை மூடிவிட்டார்.

ஊரில் சாத்தான் இல்லையென்றால் வெளியூரிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். தேரடிப் பக்கம் மைதீன் பாட்சா சவுண்ட் சர்வீஸும் கேசட் கடையும் வைத்திருந்தார். ஆடித்தபசுக்கும் பள்ளிவாசலுக்கும் சபைக் கூட்டத்துக்கும் ஊரில் பேசுவது பாட்சாவின் குழாய்கள்தான். சார்வாள் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போய், குரலைத் தாழ்த்தி, ஹெவி மெட்டல் கேசட் ஒன்று வேண்டும் என்றார்.

"கேக்கதுக்கா சார்வாள்?" என்றார் பாட்சா.

"கொளுத்ததுக்கு."

அதற்கு எதற்கு மெனக்கெட வேண்டும், கெட்டுப்போன கேசட் கூடை நிறையக் கிடக்கிறது, எது எரிந்தாலும் ஒரே நாற்றம்தானே என்றார் பாட்சா. சார்வாளுக்குச் சுருக்கென்றது. ஊழியத்தில் பொய் கூடாது, அசல் சாத்தானாக இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முந்தாநாள் உங்கள் சபைப் பையன்கள் ஏழு பேரும் இதே கேசட்டைக் கேட்டு வந்தார்கள், இல்லை என்று திருப்பி அனுப்பினேன் என்று பாட்சா சொன்னார். அதைச் சார்வாள் காதில் வாங்காதது போல் நின்றார்.

பாட்சாவின் மைத்துனர் ஹபீப் முகம்மது துபாயிலிருந்து லீவில் வந்தார். வரும்போது, பாட்சா சொல்லியனுப்பியபடி, ஒரு கேசட் கொண்டுவந்தார். இருப்பதிலேயே அதிகமாகச் சத்தம் போடுவதைக் கொடு என்று அங்கே கடைக்காரனிடம் கேட்டு வாங்கினாராம். மேலே செலபன் தாள் பிரிக்கவில்லை. அட்டையில் நாலு வெள்ளைக்காரர்கள், இடுப்பு வரை முடி, கறுப்புத் தோல் சட்டை, கழுத்திலும் கையிலும் சங்கிலி. புத்தகத்தில் சொன்னதற்கு ஒரு மயிரிழை மாறவில்லை. சார்வாள் அதைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

கூட்டத்தின் இரண்டாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், மனைவி ஜெபமணி பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு, செலபனைப் பிரித்துக் கேசட்டை டேப்ரெக்கார்டரில் போட்டார். முதலில் மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து நிறுத்தினார். மறுபடியும் போட்டார். மிஷின் நன்றாகத்தான் இருந்தது. பத்து பவர்லூம் ஓடுகிற தறிக்கூடத்துக்கு நடுவில் நின்று ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிற சத்தம். இருபத்தாறு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த சார்வாளுக்கு அதில் ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. அதுவே அவருக்குப் பரம திருப்தி. தனக்கே விளங்காத இங்கிலீஷ் சாத்தானுடையதாகத்தானே இருக்க முடியும்!

ஆனாலும் நாளைக்கு மேடையில் நாலு கெட்ட வரியாவது மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். கேசட் டப்பாவுக்குள் வழவழப்பான தாள் ஒன்று நாலாக மடித்து வைத்திருந்தது. பாட்டு வரிகள் அதில் பொடி எழுத்தில் இருந்தன. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

முதல் பாட்டு சிலுவையைப் பற்றியது. இரண்டாவது உயிர்த்தெழுதலைப் பற்றியது. மூன்றாவது பாட்டின் பல்லவியை அவர் தம்மை அறியாமலே மனதுக்குள் தமிழாக்கிவிட்டார்: நீ ஒளித்து வைத்ததை அவர் கண்டார், கண்டும் உன்னைக் கைவிடவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே வேத வசன எண்கள். தாளின் வெளிப்பக்கம் ஒரு தங்கச் சிலுவை. உள்பக்கம் அந்த நாலு பேரும் முடியைத் தொங்கவிட்டு முழங்காலில் நின்று ஜெபிக்கிற போட்டோ. தங்கள் பாட்டெல்லாம் இரட்சகராகிய இயேசுவுக்கே என்று அடியில் எழுதியிருந்தார்கள்.

வாத்தியார் புத்தி, எண்களைச் சரிபார்க்காமல் விடவில்லை. வேதாகமத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றுகூடத் தப்பில்லை. அவர் அடித்த நோட்டீஸிலோ இரண்டு வசன எண் தப்பு.

சார்வாள் இடிந்துபோய் உட்கார்ந்தார். இதைச் சபையில் சொன்னால் என்ன ஆகும்? தவசிக்கனி சிரிப்பான். பெட்டி வைத்தது, நோட்டீஸ் அடித்தது, போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி வாங்கியது எல்லாம் ஊர் வாயில் வேடிக்கையாகிவிடும். தேர்தலுக்கு எட்டே நாள். இப்படிக் கத்தி இயேசுவைத் துதிப்பதும் ஒரு வகையில் நிந்தனைதானே என்று தமக்குத் தாமே பிரசங்கம் செய்து பார்த்தார். பிரசங்கம் எடுபடவில்லை. ஆனாலும் கொளுத்துவது என்றே முடிவு செய்தார். கேசட் எரிந்துவிட்டால் பிறகு யாருக்குத் தெரியப்போகிறது?

தாளைக் கிழித்துப்போடக் கையில் எடுத்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். இயேசு என்று எழுதிய காகிதத்தை அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவன் எவனும் கிழிக்கமாட்டான், மிதிக்கமாட்டான், அடுப்பில் போடமாட்டான். இயேசுவைப் பாடுகிற கேசட்டைக் கொளுத்தச் சம்மதித்த அதே மனசாட்சி, அந்தப் பெயர் எழுதிய தாளைக் கிழிக்கச் சம்மதிக்கவில்லை. மனசாட்சிக்கும் ஏதோ ஒரு வேலை வேண்டாமா? கடைசியில், எதை எங்கே வைப்பதென்று தெரியாவிட்டால் எல்லாரும் வைக்கிற இடத்தில், வேதாகமத்துக்குள் வைத்தார். அங்கே ஏற்கெனவே போன வருஷத்துக் குருத்தோலைச் சிலுவை, மாமனாரின் நினைவு அட்டை, எல்.ஐ.சி. ரசீது, வருஷப் பிறப்புக்குச் சபையில் ஆளுக்கொன்றாக எடுக்கிற வாக்குத்தத்த வசன அட்டைகள் எல்லாம் இருந்தன. தாளும் அவற்றோடு அடக்கமாக உட்கார்ந்துகொண்டது.

ஞாயிறு சாயங்காலம் கோவில் மைதானம் நிரம்பி வழிந்தது. சாத்தானை எரிக்கப்போகிறார்கள் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? அம்மன் கோவிலுக்குப் போய்த் திரும்பியவர்களும், புளியங்குடி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களும் சுவரோரம் நின்றார்கள். மேடைக்கு முன்னால் காய்ந்த ஓலையைக் குவித்து, பெட்டியை அதன் மேல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் தவசிக்கனியின் பெடஸ்டல் ஃபேன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. கொளுத்துமுன் சபையார் ஒரு தடவை காதால் கேட்டுச் சாத்தானை அறிந்துகொள்ள வேண்டும் என்று சார்வாள் சொல்லி, கேசட்டை உயர்த்திக் காட்டினார். நீள முடியைப் பார்த்து ஜனம் உச்சுக் கொட்டியது. பாட்சா கேசட்டை வாங்கி மிஷினில் போட்டார்.

நாலு குழாயும் ஒரே சமயத்தில் அலறின. மரத்திலிருந்த காக்கை எல்லாம் பறந்துவிட்டது. கைக்குழந்தைகள் அழுதன. அந்த ஏழு வாலிபர்கள் மட்டும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார்கள்.

பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையிலிருந்த அன்னக்கிளி எழுந்து நின்றாள். ஐம்பது வயசுக்காரி. இருபது வருஷம் பவர்லூமில் நின்று வேலை பார்த்ததில் காது போய்விட்டது, காதோரம் கத்தினால்தான் ஏதாவது கேட்கும். ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வருவாள், அடுத்தவர் வாயசைவதைப் பார்த்துத் தானும் வாயசைப்பாள். இப்போது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள், கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வழிந்தது.

"எனக்குக் கேக்கு. பாட்டு கேக்கு சார்வாள்" என்றாள்.

பிரசங்கியாருக்கு அவ்வளவு போதும். மைக்கைப் பிடித்துக்கொண்டு, செவிடர் கேட்கிறார்கள், அற்புதம் நடந்துவிட்டது என்று முழங்கினார். ஜனம் அல்லேலூயா என்று எழும்பியது. சாத்தானின் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதா கர்த்தர் அற்புதம் செய்வார்? சார்வாள் பதறிப்போய் நிறுத்தச் சொல்லிப் பாட்சாவுக்குக் கையைக் காட்டினார். பாட்டு நின்றது. அன்னக்கிளி சுற்றுமுற்றும் பார்த்தாள், பிறகு கையைத் தொங்கப்போட்டாள். மறுபடியும் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதைப் பார்த்தவர்களுக்கு என்னவோ போலிருந்தது.

கூட்டம் கைவிட்டுப் போகுமுன் ஒரு வசனத்தை வாசித்துத் தீயை வைத்துவிடலாம் என்று சார்வாள் அவசரமாக வேதாகமத்தைத் திறந்தார். பெடஸ்டல் ஃபேன் சரியாக அந்த நேரம் பார்த்து அவர் பக்கம் திரும்பியது. நினைவு அட்டை, ரசீது, வாக்குத்தத்த அட்டை எல்லாம் பறந்தன. தங்கச் சிலுவை போட்ட வழவழப்பான தாள் மேடையைத் தாண்டிப் போய் அன்னக்கிளியின் காலடியில் விழுந்தது.

வேதத்திலிருந்து ஒரு தாள் தானாக விழுந்தால், அது யார் முன்னால் விழுகிறதோ அவருக்குக் கர்த்தர் கொடுக்கிற வார்த்தை. அதை உடனே வாசித்தாக வேண்டும். அந்தச் சபையில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். அன்னக்கிளி தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. மேடையேறி ஐயரிடம் நீட்டினாள்.

சார்வாள் கை நீட்டுவதற்குள் ஐயர் வாங்கிவிட்டார். எதற்கும் தலையாட்டுகிற மனிதர், இதற்கும் தலையாட்டிவிட்டுத் தாளைப் பிரித்து, கண்ணில் முதலில் பட்ட வரியைத் தமிழில் மைக்கில் சொன்னார்: "நீ ஒளித்து வைத்ததை அவர் கண்டார், கண்டும் உன்னைக் கைவிடவில்லை."

ஆமென் என்றது சபை. ஐயர் தாளை இன்னும் பிரித்தார். அந்தப் போட்டோவைப் பார்த்தார். கேசட் அட்டையைப் பார்த்தார். பிறகு ஞானாபரணத்தைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்தவர்களுக்கும் போட்டோ தெரிந்துவிட்டது. அதே முடி, அதே சங்கிலி, ஆனால் முழங்காலில். சலசலப்பு பின்வரிசை வரைக்கும் போயிற்று. தவசிக்கனி வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"ஏன் சார்வாள், அந்தத் தாளு உங்க வேதத்துக்குள்ள எப்படி வந்துச்சு?"

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் சார்வாளுக்கு வாழ்நாளில் வாய்த்ததில்லை. நான்தான் ஒளித்து வைத்தேன் என்ற மூன்று வார்த்தை வாய்வரைக்கும் வந்துவிட்டது. கூடவே முதல் வரிசைக் கைவைத்த நாற்காலியும் கண்முன்னால் வந்தது. நாற்காலி ஜெயித்தது.

"கர்த்தர் வச்சார்" என்றார். அவருடைய அறிவிப்புக் குரல் தானாகத் திரும்பி வந்தது. இந்தக் கேசட் நேற்றுவரை சாத்தானுடையது, இதற்காக நான் உபவாசமிருந்து ஜெபித்தேன், இது மனந்திரும்பிவிட்டது, அதற்கு அத்தாட்சியாகத்தான் இந்தத் தாள் என்று ஓலை வாசிக்கிற கம்பீரத்தோடு சொல்லி முடித்தார். பாவிகள் மனந்திரும்பி அந்தச் சபை பார்த்திருக்கிறது. கேசட் மனந்திரும்பியதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆனந்தத்தில் மைதானமே கைதட்டிற்று.

பாட்சா மேடையோரம் வந்து, "நான் செலபன் பிரிக்காமத்தான் தந்தேன் சார்வாள்" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பிறகு சத்தமாக, "இப்பம் கொளுத்தவா, திரும்பப் போடவா?" என்று கேட்டார்.

போடச் சொன்னார்கள். அன்னக்கிளி மறுபடியும் கையைத் தூக்கினாள். ஏழு வாலிபர்களும் இந்தத் தடவை எழுந்து நின்று, தலையை ஆட்டி ஆட்டித் துதித்தார்கள். யாரும் கண்டிக்கவில்லை. ஆனால் நோட்டீஸில் தீ என்று போட்டிருந்ததே, ஜனம் தீயைப் பார்க்காமல் போகுமா? பெட்டியில் இருந்ததைக் கொளுத்தினார்கள். வில்லுப்பாட்டும் குடையும் கடிகாரமும் எரிந்தன. மூன்று தேவசெய்தியும் கறுப்புப் புகை விட்டு எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சார்வாள் தோத்திரம் தோத்திரம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு தேர்தலில் ஞானாபரணம் அமோகமாக ஜெயித்தார். தாளைப் பறக்கவிட்டது தன் ஃபேன்தான் என்று தவசிக்கனி வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தார், கர்த்தர் கழுதையைக்கூடப் பயன்படுத்துவார் என்று ஜனம் பதில் சொல்லிவிட்டது. ஐயர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் மட்டும் சார்வாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது அன்னக்கிளி. அந்தத் தாளை அவள் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கிடைத்த வாக்குத்தத்தம் அல்லவா? எழுத்துத் தெரியாது, காதும் கேட்காது, யாராவது காதுப் பக்கத்தில் கத்தி வாசித்துக் காட்ட வேண்டும். சபையில் கணீர்க் குரல் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து ஜனம் வெளியேறுகிற நேரம், வாசலில் தாளோடு நிற்பாள். கைவைத்த நாற்காலியிலிருந்து எழுந்து சார்வாள் வந்தாக வேண்டும். வந்து, குனிந்து, அவள் காதருகே வாயை வைத்து வாசிப்பார்.

"நீ ஒளித்து வைத்ததை அவர் கண்டார்."

அந்த இடத்தில் வாரந்தவறாமல் அவருடைய குரல் கம்மிவிடும். அன்னக்கிளி தாளை இன்னும் கிட்டத்தில் நீட்டுவாள்.

"கேக்கலை சார்வாள். இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."